வெளிநாட்டில் கம்பெனி: எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால்

2022 பொங்கல் முடிந்த வாரம். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் என் பெயரில் இருந்த கம்பெனிக்கு வரி அறிவிப்பு ஒன்று மின்னஞ்சலில் வந்தது. கட்ட வேண்டிய தொகை 82 ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். அன்றைய மதிப்பில் 60 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. முந்தின வருஷம் முழுக்க அந்தக் கம்பெனிக்கு வந்த வரவே 11 ஆயிரம் டாலரைத் தொடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயே அணைந்துவிட்டது. நான் போனை வைத்துக்கொண்டு பூஜ்ஜியங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒன்பது வருஷம் மெர்ச்சன்டைசராக இருந்தவள் நான். இப்போது ஆன்லைன் துணிக்கடைகளுக்கு ஒரு சின்ன பிளகின் (கடையின் இணையதளத்தில் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்) விற்கிறேன். வாங்குகிறவர் மார்பளவையும் இடுப்பளவையும் போட்டால் எந்த சைஸ் பொருந்தும் என்று காட்டும். வருஷத்துக்கு 49 டாலர். ஜெர்மனி, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். திருப்பூரில் ஒருவர்கூட இல்லை.

அந்த 82 ஆயிரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது இன்னும் பலருக்கு வந்துகொண்டிருக்கிறது. கம்பெனி பதிவு செய்து கொடுக்கும் ஒரு ஆன்லைன் சேவையில் பணம் கட்டினேன். அவர்கள் வழக்கமாகப் போடுவதுபோல் எனக்கும், கம்பெனி வெளியிடலாம் என்ற உச்ச எண்ணிக்கையாக, 1 கோடி பங்குகள் போட்டுவிட்டார்கள். டெலவேரில் கார்ப்பரேஷன் என்னும் பங்குக் கம்பெனி வகைக்கு ஃபிரான்சைஸ் வரி என்று ஒன்று உண்டு. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் வருஷாவருஷம் கட்ட வேண்டும். அரசு முதலில் பங்குகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்குப் போடும். 5,001லிருந்து 10,000 பங்கு வரை 250 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000 பங்குக்கும் 85 டாலர். 1 கோடி பங்குக்கு முழு வருஷத்துக்கு 85,165 டாலர் ஆகிறது. முந்தின வருஷம் ஜனவரி இரண்டாவது வாரத்தில் பதிவு செய்ததால் எனக்குச் சில நாள் கழிந்து 82 ஆயிரம் சொச்சம்.

ஆனால் இன்னொரு முறையும் இருக்கிறது. கம்பெனியின் சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடுவது. அதில் குறைந்தபட்ச வரி 400 டாலர், வருடாந்தர அறிக்கைக் கட்டணம் 50. மார்ச் 1க்குள் டெலவேர் அரசின் வரி இணையப் பக்கத்தில் சொத்து மதிப்பையும் உண்மையில் வெளியிட்ட பங்குகளின் எண்ணிக்கையையும் நிரப்பி, மறுபடி கணக்கிடச் சொல்லும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 450 டாலர் கட்டினேன். அந்தப் பொத்தான் தெரியாமல் மூன்று ராத்திரி தூங்கவில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. டெலவேரை நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. ஒரு வீடியோ தேர்ந்தெடுத்தது. நான் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றை இப்போது நான் கேட்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், வெளிநாட்டுக் கம்பெனி வேண்டுமா?

வெளிநாட்டில் விற்பதற்கு வெளிநாட்டில் கம்பெனி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. திருப்பூர் என்ன, அமெரிக்காவில் கம்பெனி வைத்தா அமெரிக்காவுக்கு பனியன் அனுப்புகிறது? மென்பொருளும் அப்படித்தான். இங்கே தனிநபர் பெயரிலோ எல்எல்பியாகவோ (பொறுப்பு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) இருந்துகொண்டே வெளிநாட்டுக்கு விற்கலாம். ஜிஎஸ்டியில் சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்ஜியம். வருஷத்துக்கு ஒரு முறை போர்ட்டலில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டுவிட்டால் வரி கட்டாமலே இன்வாய்ஸ் எழுதலாம்.

அப்புறம் ஏன் எல்லோரும் ஓடுகிறார்கள்? பெரும்பாலும் ஆன்லைனில் கார்டு பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேதான் காரணம். அப்படியொரு கேட்வேயான ஸ்ட்ரைப் 2024லிருந்து இந்தியாவில் அழைப்பின் பேரில்தான் புதிய கணக்குகளைச் சேர்க்கிறது. மாதச் சந்தா வாங்க வேண்டும், வெளிநாட்டு கார்டு தடையில்லாமல் ஓட வேண்டும் என்கிறவர்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை.

இதற்குக் கம்பெனி தொடங்காமலே ஒரு வழி இருக்கிறது. பேடில், லெமன் ஸ்குவீசி மாதிரியான நிறுவனங்கள் உங்கள் பொருளைத் தாங்களே விற்கிறவர்களாக நிற்பார்கள். வாடிக்கையாளருக்கு அவர்கள் பெயரில் பில் போகும். ஐரோப்பாவின் வாட் (நம் ஜிஎஸ்டி மாதிரி), அமெரிக்க மாநிலங்களின் விற்பனை வரி எல்லாம் அவர்கள் தலையில். உங்களுக்கு மீதித் தொகை வங்கிக்கு வரும். கமிஷன் ஒரு விற்பனைக்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும். 49 டாலரில் 3 டாலருக்குச் சற்றுக் குறைவாகப் போகிறது. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வாட் விஷயத்தைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த வலி குறைந்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து அங்குள்ள தனிநபருக்கு டிஜிட்டல் பொருள் விற்றால், முதல் யூரோவிலிருந்தே வாட் வசூலித்துக் கட்ட வேண்டும். வாங்குகிறவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டு விகிதம். உங்கள் கம்பெனி டெலவேரில் இருந்தாலும், துபாயில் இருந்தாலும், அவிநாசியில் இருந்தாலும் இது ஒன்றுதான். அமெரிக்கக் கம்பெனி ஆரம்பித்தால் ஐரோப்பிய வாட் தொல்லை போய்விடும் என்று நானே ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆண்டு வரவு 30 ஆயிரம் டாலருக்குக் கீழே, முதலீட்டாளர் யாரும் இல்லை, ஆள் ஒருவர்தான் என்றால் என் யோசனை இதுதான்: இந்தியாவிலேயே இருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும். 30 ஆயிரம் என்பது எந்தச் சட்டமும் சொன்ன எண் இல்லை. என் கணக்கு நோட்டு சொன்ன எண்.

ஆமாம், வேண்டும் என்றால்

நாட்டின் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பணம் எந்த வாசல் வழியாக வரும், எந்த வங்கியில் தங்கும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். உங்களுக்கு வேண்டிய கேட்வே எந்தெந்த நாட்டுக் கம்பெனிகளைச் சேர்க்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ரைப் என்றால் அமெரிக்கா, பிரிட்டன், எஸ்டோனியா, சிங்கப்பூர், அமீரகம் எல்லாம் அதில் இருக்கின்றன. சீஷெல்ஸ் இல்லை. பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் இல்லை. வரியே கிடையாது என்று யாராவது அந்தத் தீவுகளைக் காட்டினால், அங்கே கம்பெனி கிடைக்கும், ஆனால் கார்டில் பணம் வாங்க வழி கிடைக்காது. 2016ல் இப்படிப்பட்ட கம்பெனிகளின் ரகசியங்களை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்கள் வெளிவந்ததிலிருந்து அந்தப் பெயர்களைக் கேட்டாலே வங்கிக்காரர்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். தீவுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்து வங்கி. கம்பெனி பதிவாகும் முன்பே வங்கிக்கு எழுதிக் கேளுங்கள்: உரிமையாளர் இந்தியப் பாஸ்போர்ட்காரர், இந்தியாவில் வசிக்கிறார், விற்பது இன்னது, கணக்குத் திறப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். நான் பதிவு செய்து முடித்துவிட்டு வங்கியைத் தேடினேன். முதல் இரண்டு ஆன்லைன் வங்கிகள் காரணம் சொல்லாமல் மறுத்தன. மூன்றாவது சேர்த்துக்கொண்டது. அதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. நீங்கள் எங்கே தூங்கி எழுகிறீர்கள்? வருஷத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் இங்கே கணக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிக்கு எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் விலாசம் இருக்கலாம். வேலை முழுக்க திருப்பூர் அங்கேரிபாளையத்து மாடி அறையில் நடந்தால், அந்த லாபம் இந்தியாவில் உண்டானது என்று வருமான வரித் துறை சொல்ல இடம் இருக்கிறது. எங்கிருந்து நிர்வாகம் நடக்கிறதோ அந்த நாட்டுக் கம்பெனி என்ற விதி ஒன்று உண்டு. ஆண்டு வரவு 50 கோடி ரூபாய் வரை உள்ள கம்பெனிகளுக்கு அது பொருந்தாது என்று 2017ல் சுற்றறிக்கை வந்தது. அதைக் காட்டி, பயமே வேண்டாம் என்பார்கள். அது ஒரு கதவு மட்டும்தான். கம்பெனிக்கு இங்கே நிலையான தொழில் இடம் இருக்கிறது என்று சொல்லி வரி கேட்கும் இன்னொரு கதவு திறந்தேதான் கிடக்கிறது.

ஆகவே வரி மிச்சம் பண்ண வெளிநாட்டுக் கம்பெனி என்ற எண்ணத்தை இந்த இடத்திலேயே இறக்கி வையுங்கள். பணம் வாங்கும் வசதிக்காக, பெரிய வாடிக்கையாளரின் நம்பிக்கைக்காக, முதலீட்டுக்காக என்றால் மேலே படியுங்கள்.

அமெரிக்கா: எல்எல்சியா, கார்ப்பரேஷனா

டெலவேரின் வில்மிங்டன் நகரில் 1209 நார்த் ஆரஞ்ச் தெரு என்று ஒரு விலாசம். ஒரு சாதாரணமான கட்டிடம். லட்சக்கணக்கான கம்பெனிகளின் பதிவு விலாசம் அதுதான். அந்தக் கூட்டத்தில் நாமும் ஒன்று என்று நினைக்கும்போது ஒரு பெருமை வரும். எனக்கும் வந்தது. அந்தப் பெருமைக்கும் வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்க முதலீட்டாளர் பணம் போடப் போகிறார், அவர் டெலவேர் கார்ப்பரேஷன் கேட்கிறார் என்றால் டெலவேர் கார்ப்பரேஷன். இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நீங்களே உழைத்து நீங்களே எடுத்துக்கொள்ளும் தொழிலுக்கு அது ஒத்துவராது. கணக்கைப் பாருங்கள். லாபம் 100 டாலர். மத்திய அரசின் கம்பெனி வரி 21 போனால் 79. அதை டிவிடெண்டாக, அதாவது லாபப் பங்காக, இந்தியாவில் இருக்கும் தனிநபருக்கு அனுப்பினால், இரு நாட்டு ஒப்பந்தப்படி 25 சதவீதம் அங்கேயே பிடிப்பார்கள். கைக்கு வருவது 59 டாலர் 25 சென்ட். அந்தப் பிடித்தத்தை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். முதலில் போன 21ஐ யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

எல்எல்சி (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைத்த எளிய கம்பெனி வகை) வேறு மாதிரி. ஒரே ஆள் உரிமையாளர் என்றால் அமெரிக்க வரித் துறை அந்த எல்எல்சியை வருமான வரிக்குத் தனி ஆளாகப் பார்ப்பதில்லை. அங்கே ஆபீஸ் இல்லை, ஆள் இல்லை, உங்களுக்காகவே இயங்கும் ஏஜென்ட் இல்லை, வேலை முழுக்க இங்கேதான் என்றால் பெரும்பாலும் அங்கே மத்திய வருமான வரி வராது. வீடியோக்கள் எல்லாம் இந்த இடத்தில் முடிந்துவிடும். கதை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

வரி இல்லாவிட்டாலும் அறிக்கை உண்டு. ஃபாரம் 5472. உரிமையாளரான நீங்கள் எல்எல்சிக்குள் போட்ட பணம், வெளியே எடுத்த பணம், அதன் செலவுக்கு நீங்கள் கட்டியது என்று உங்களுக்கும் அதற்கும் நடந்த ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் எழுத வேண்டும். மேலே கம்பெனி வரி ரிட்டர்னான ஃபாரம் 1120ன் முதல் பக்கத்தைப் பெயர், விலாசம் மட்டும் நிரப்பி உறைபோல வைக்க வேண்டும். ஏப்ரல் 15க்குள் தபாலில் யூட்டா மாநிலத்து ஓக்டன் என்னும் ஊருக்கு அனுப்பலாம், அல்லது ஃபேக்ஸ். ஆமாம், ஃபேக்ஸ்தான். தவறினால் அபராதம் 25,000 டாலர். வரவு பூஜ்ஜியமாக இருந்தாலும், கம்பெனி தொடங்கிய கட்டணத்தை நீங்கள் உங்கள் கார்டில் கட்டியிருந்தால் அதுவே ஒரு கொடுக்கல் வாங்கல்தான். ஃபேக்ஸ் அனுப்பியதும் வரும் உறுதிப் பக்கத்தை பிரின்ட் எடுத்து வையுங்கள். பக்க எண்ணிக்கையும் நேரமும் அதில் இருக்கும். போய்ச் சேர்ந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

வரி எண்ணுக்கும் இதே கதைதான். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்கள் கம்பெனியின் வரி எண்ணான இஐஎன்னை ஆன்லைனில் வாங்க முடியாது. எஸ்எஸ்-4 ஃபாரத்தை ஃபேக்ஸில் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டே நாளில் வாங்கித் தருகிறோம் என்கிற இடைத்தரகரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

எந்த மாநிலம்? எல்எல்சிக்கு டெலவேரில் வருஷத்துக்கு 300 டாலர், ஜூன் 1க்குள். வயோமிங்கில் ஆண்டு அறிக்கைக்குக் குறைந்தபட்சம் 60 டாலர். எல்எல்சி என்ற அமைப்புக்கு 1977ல் முதலில் சட்டம் போட்டதே வயோமிங்தான். இரண்டிலும் ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (கம்பெனிக்கு வரும் அரசுக் கடிதங்களை அங்கே வாங்கி வைப்பவர்) செலவு தனி. முதலீடு வாங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு வயோமிங் போதும். மாநிலத்தைப் பற்றி இதற்கு மேல் யோசிப்பது நேர விரயம்.

எஸ்டோனியா: டெல்லிக்கு ஒரு பயணம்

சேலத்தில் எனக்கு ஒரு தோழி. குழந்தைகளுக்கான எழுத்துப் பயிற்சித் தாள்களை பிடிஎஃப் ஆக விற்கிறாள். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஐரோப்பாவில் இருக்கும் அம்மாக்கள். அவள் எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி எடுத்தாள். 2014 டிசம்பரில் அந்த நாடு தொடங்கிய திட்டம் இது. வெளிநாட்டவருக்கு ஒரு டிஜிட்டல் அடையாள அட்டை தருவார்கள். அதை வைத்து வீட்டிலிருந்தபடி அங்கே கம்பெனி தொடங்கி நடத்தலாம். பெயரில் ரெசிடென்சி இருக்கிறதே தவிர, விசாவும் கிடையாது, குடியிருப்பு உரிமையும் கிடையாது, வரிக்கு அந்நாட்டவர் என்ற தகுதியும் கிடையாது.

விண்ணப்பம் ஆன்லைனில். அட்டையை நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். டெல்லியில் உள்ள எஸ்டோனியத் தூதரகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். துணைக்கு நானும் போனேன். ஜனவரி மூடுபனியில் ரயில் ஏழு மணி நேரம் தாமதம். தூதரகத்தில் வேலை பத்து நிமிடம்கூட இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், விரலை வைக்கச் சொன்னார்கள், ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே அட்டை, யூஎஸ்பியில் செருகும் சின்னக் கார்டு ரீடர், ரகசிய எண்கள் இருக்கும் உறை. முதல் எண் 4 இலக்கம், உள்ளே நுழைய. இரண்டாவது 5 இலக்கம், கையெழுத்துப் போட. அந்த 5 இலக்கத்தைத் தட்டினால் பேனாவால் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். மூன்று முறை தப்பாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து அவள் அந்த எண்ணைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். அதைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அவள் மாமியாரே எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு மதியத்தில் கம்பெனியைப் பதிவு செய்தாள். அரசுக் கட்டணம் 265 யூரோ. முன்பு 2,500 யூரோ மூலதனம் காட்ட வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

எஸ்டோனியாவின் அழகு அதன் வரி முறை. லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருந்தால் வரி இல்லை. வெளியே எடுக்கும்போதுதான் வரி. 2025லிருந்து 22க்கு 78 என்ற கணக்கு: உங்கள் கைக்கு 78 யூரோ வந்தால் அரசுக்கு 22. சம்பாதித்ததை மறுபடி தொழிலிலேயே போடுகிறவருக்கு இது நல்ல ஏற்பாடு. மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு எடுக்கிறவருக்கு இல்லை. அந்த 22 கம்பெனி கட்டும் வரி. கைக்கு வந்த 78க்கு இங்கே உங்கள் ஸ்லாப்படி தனியாக வரி உண்டு.

இயக்குநர் வெளிநாட்டில் இருந்தால் எஸ்டோனியாவில் ஒரு தொடர்பு நபரும் விலாசமும் வைத்தாக வேண்டும். அதற்கு ஆண்டுக் கட்டணம், கணக்காளருக்கு மாதக் கட்டணம், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கை. எல்லாம் சேர்ந்து தோழிக்கு வருஷத்துக்கு 1,000 யூரோவைத் தாண்டுகிறது. அவளுக்கு அது கட்டுப்படியாகிறது. ஐரோப்பியக் கம்பெனி என்பதால் வாட் பதிவு அவளுக்கு எளிதாக முடிந்தது, பள்ளிகளும் தயங்காமல் வாங்குகின்றன. என் 49 டாலர் பிளகினுக்குக் கட்டுப்படியாகாது.

பிரிட்டன், சிங்கப்பூர், அமீரகம்

பிரிட்டனில் பதிவு மிக எளிது. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸில் 2024 ஏப்ரல் வரை ஆன்லைன் கட்டணம் வெறும் 12 பவுண்டு. பிறகு 50 ஆனது, ஏறுமுகம்தான். 2025 நவம்பரிலிருந்து இயக்குநர்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக் காட்டியாக வேண்டும். லாபம் 50,000 பவுண்டு வரை 19 சதவீத வரி, டிவிடெண்டுக்குப் பிடித்தம் இல்லை. உங்கள் பெயரும் பதிவு விலாசமும் யார் வேண்டுமானாலும் பார்க்கும் பதிவேட்டில் இருக்கும் என்பதை மனசில் வையுங்கள். கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் 150 பவுண்டில் ஆரம்பித்து ஆறு மாதம் தாண்டினால் 1,500. கேலண்டரைச் சுவரில் மாட்டி அதன்படி நடப்பவருக்கு நல்ல நாடு. எனக்கு ஒத்துவராது.

சிங்கப்பூர் என்றால் நமக்கு ஒரு பாசம். தமிழ் அங்கே ஆட்சிமொழி, அண்ணனோ மாமாவோ யாராவது ஒருவர் அங்கே இருப்பார். பெயருக்கு 15, பதிவுக்கு 300 சிங்கப்பூர் டாலர்தான். ஆனால் அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம், ஆறு மாதத்துக்குள் கம்பெனி செயலாளர் கட்டாயம். வாடகை இயக்குநரை வைத்தால் அவருக்குக் கொடுக்கும் தொகைதான் உங்கள் பெரிய செலவாக இருக்கும். சொந்தக்காரர்தானே என்று மாமாவை இயக்குநராகப் போடுகிறவர்களும் உண்டு. சட்டப்படி அவர் நிஜ இயக்குநர். தாக்கல் தவறினால் பொறுப்பு அவருக்கும்தான். அடுத்த கல்யாணத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அமீரகத்துக்கு என் நாத்தனார் வீட்டுக்காரர்தான் உதாரணம். ஷார்ஜாவில் பதினான்கு வருஷமாக இருக்கிறார். அங்கேயே ஃப்ரீ சோன் என்னும் சலுகை மண்டலத்தில் கம்பெனி, அங்கேயே விசா, அங்கேயே வீடு. அவருக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. காரணம், அவர் அங்கே வாழ்கிறார். இங்கே உட்கார்ந்துகொண்டு லைசன்ஸ் மட்டும் வாங்கினால், லைசன்ஸ் புதுப்பிக்கும் செலவுதான் மிஞ்சும். வரியே இல்லை என்ற காலமும் போய்விட்டது. 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய நிதியாண்டுகளிலிருந்து 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். ஃப்ரீ சோனில் தகுதி பெற்ற வருமானத்துக்கு மட்டும் பூஜ்ஜியம். எது தகுதி என்பது தனிப் புத்தகம்.

நம் பக்கத்துக் காகிதங்கள்

இதைத்தான் நான் முற்றிலும் கோட்டை விட்டேன். 2022 இறுதியில் ஆடிட்டரிடம் கணக்கு நோட்டைக் கொண்டுபோனேன். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இந்த 1,000 டாலர் என்னது?"

"கம்பெனிக்கு மூலதனம் சார். பேங்க் வழியாத்தான் அனுப்பினேன்."

"பேங்க் வழியா அனுப்பினது சரி. ஃபாரம் போட்டீங்களா?"

"எந்த ஃபாரம் சார்?"

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் செலவு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டுக் கம்பெனியின் பங்கை வாங்கினால் அது வெளிநாட்டு நேரடி முதலீடு. 2022 ஆகஸ்டில் இதற்குப் புதிய விதிகள் வந்தன. ஒரு நிதியாண்டில் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய 2,50,000 டாலர் வரம்புக்குள் இது அடங்கும். ஆனால் பணம் போவதற்கு முன்பே வங்கியிடம் முதலீட்டு விவரம் எழுதிய ஃபாரம் எஃப்சி கொடுத்து, ரிசர்வ் வங்கியின் யூஐஎன் என்ற அடையாள எண் வாங்க வேண்டும். பங்கு வாங்கியதற்கான சான்றை ஆறு மாதத்துக்குள் வங்கியிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பெனி நிஜமாகத் தொழில் செய்ய வேண்டும், நிதிச் சேவையில் இருக்கக் கூடாது, உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள கம்பெனிக்குக் கீழே துணைக் கம்பெனி இருக்கக் கூடாது.

அப்புறம் வருஷாவருஷம் டிசம்பர் 31க்குள் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கை. கட்டுப்பாடு உங்கள் கையில் என்றால் தணிக்கை செய்த கணக்கு வேண்டும். வயோமிங்கில் யாரும் தணிக்கை கேட்பதில்லை, ஆனால் திருப்பூர் வங்கி கேட்கும். மலிவான நாடு என்று நாம் போட்ட கணக்கை இந்த ஒரு நிபந்தனையே குப்புறக் கவிழ்த்துவிடும். தவறியதற்கு நான் தாமதக் கட்டணம் கட்டினேன். அறிக்கை ஒன்றுக்கு 7,500 ரூபாய்.

வருமான வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதி இருக்கிறது. கம்பெனிப் பங்கு, நீங்கள் கையெழுத்துப் போடும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அதில் காட்ட வேண்டும். நிதியாண்டுப்படி அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை. சின்ன ஃபாரங்களில் இந்தப் பகுதியே கிடையாது. ஐடிஆர்-2 அல்லது 3 போட வேண்டும். மறைத்தால் 2015ன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து நிலம், வீடு அல்லாத சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் என்றால் அந்த அபராதத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். விலக்கு அபராதத்துக்குத்தான், காட்டுவதற்கு இல்லை.

இவ்வளவையும் செய்ய உங்கள் வங்கிக் கிளைக்குத் தெரிய வேண்டும். பல கிளைகளில் ஃபாரம் எஃப்சி என்றாலே முழிப்பார்கள். ஏற்றுமதிக்காரர்கள் கணக்கு வைத்திருக்கும் அந்நியச் செலாவணிக் கிளைக்குப் போங்கள். அந்த வகையில் திருப்பூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மூடுவதற்கு என்ன செலவு

தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரியவர்களே இதில் சிக்கியிருக்கிறார்கள். டெலவேரில் இருந்த க்ரோ என்ற முதலீட்டுச் செயலி நிறுவனம் 2024ல் தலைமையிடத்தை இந்தியாவுக்கு மாற்றியபோது கட்டிய வரி சுமார் 1,340 கோடி ரூபாய். ஃபோன்பே 2022ல் சிங்கப்பூரிலிருந்து திரும்பியது. நம் அளவுக்கு அது சில நூறு டாலரும் பல மாதமும்.

ஒரு தாளில் ஐந்து வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள். பதிவு, ஏஜென்ட், ஆண்டுக் கட்டணம், அங்கே கணக்காளர், இங்கே ஆடிட்டர், தணிக்கை, வங்கிக் கட்டணம், கடைசியில் மூடும் செலவு. எதிர்ப் பக்கத்தில் அந்தக் கம்பெனி இருப்பதால் மட்டுமே கூடுதலாக வரப்போகும் வருமானம். என் டெலவேர் கம்பெனிக்கு அந்தத் தாளை 2023ல்தான் போட்டேன். இடது பக்கம் நிரம்பி வழிந்தது. வலது பக்கத்தில் ஒரே ஒரு தொகை.

மூட ஐந்து மாதம் ஆனது. டெலவேருக்குப் பாக்கி வரி எல்லாம் கட்டினால்தான் கலைப்புச் சான்றிதழ். கலைக்க முடிவெடுத்த 30 நாளுக்குள் அமெரிக்க வரித் துறைக்கு ஃபாரம் 966, அப்புறம் கடைசி ரிட்டர்ன். கேட்வேயில் வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கும் புகார் எதுவும் பாக்கி இல்லை என்று உறுதியாகும் வரை கணக்கை மூட முடியவில்லை. மிச்சமிருந்த 612 டாலரை 90 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, வங்கியில் மறுபடியும் ஃபாரம் எஃப்சி, இந்த முறை வெளியேறுவதற்கு.

கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி தாள்களைச் சரிபார்த்துவிட்டு, "முதலீடு 1,000 டாலர், திரும்பி வந்தது 612. நஷ்டமா மேடம்?" என்று கேட்டார். அதற்கான கட்டத்தில் டிக் பண்ண வேண்டுமாம்.

ஆமாம் என்றேன். டிக் பண்ணினார்.